மலிவு விலை மைப்பேனா: ஒப்பிடும்போது நாம் தவறுகிற இடங்கள்

மண்ணடியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதுவது என் வேலை. பில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டாலும், நாள்கணக்கும் பாக்கி நோட்டும் கையெழுத்தில் இருந்தால்தான் முதலாளிக்குத் தூக்கம் வரும். தினமும் ஆறேழு பக்கம் எழுதுவேன். என்னிடம் பதினொரு மைப்பேனாக்கள் இருக்கின்றன. ஒன்றுகூட அறுநூறு ரூபாயைத் தாண்டாது. "இதுல எதுண்ணே நல்லா எழுதும்?" என்று கடைப் பையன்கள் கேட்பார்கள். "எந்த இங்க்குல, எந்த நோட்டுல?" என்று திருப்பிக் கேட்டால் சிரிப்பார்கள். நான் தட்டிக்கழிப்பதற்காகக் கேட்பதில்லை. பேனாவை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பல நேரம் நாம் மையையும் தாளையும் நம் கையையும்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடையில் முக்கி எழுதிப் பார்ப்பது

பேனாக் கடையில் மூடி திறந்த இங்க் பாட்டில் ஒன்று இருக்கும். நிப்பை முக்கி, துண்டுத்தாளில் ஒரு கையெழுத்துப் போட்டு, கீழே இரண்டு சுழி சுழித்து, "சூப்பரா எழுதுது, குடுங்க" என்று வாங்கிவிடுகிறோம். முக்கி எழுதினால் எந்தப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும். நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கைப் பாருங்கள். அதில் சீப்புப் பல் போல வரிசையாக வெட்டுகள் இருக்கும். முக்கும்போது அந்த இடுக்குகளில் எல்லாம் மை நிறைந்துகொள்ளும். அது தீரும்வரை மை தாராளமாக இறங்கும். உள்ளே இருக்கும் மை நாக்கின் மெல்லிய வாய்க்கால் வழியே ஒழுங்காக வருகிறதா, போன மைக்கு ஈடாகக் காற்று உள்ளே ஏறுகிறதா என்பதெல்லாம் முழுக்க நிரப்பி இரண்டு பக்கம் எழுதினால்தான் தெரியும்.

முக்கிப் பார்ப்பதில் ஒரே ஒரு லாபம், நிப்பு கீறுகிறதா என்று தெரிந்துவிடும். அதற்கும் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பது வீண். பழகிய வேகத்தில் கை ஓடிவிடும். நான் எழுதிப் பார்ப்பது "வண்ணாரப்பேட்டை", அப்புறம் "திருவொற்றியூர்". வீட்டுப் பக்கத்துப் பெயர்கள் என்பதற்காக மட்டும் இல்லை. பட்டையான நிப்பில் எழுதினால் மூணு சுழி ண்ணின் ஓட்டைகள் அடைத்துக்கொண்டு, மேலே வைக்கும் புள்ளியும் அதோடு ஒட்டி, எல்லாம் சேர்ந்து ஒரே கரும்பொட்டாகிவிடும். கொம்பும் விசிறியுமாக வளைந்து மேலேறும் எழுத்துகளில் இன்னொரு குட்டு வெளிப்படும். கீறும் நிப்பு கீழே இறங்கும்போது நல்லபிள்ளையாக இருக்கும். மேல்நோக்கிப் போகும்போதுதான் தாளைப் பறண்டும். முடிந்தால் கைபேசி கேமராவைப் பெரிதாக்கி நிப்பின் நுனியை நேர் எதிரே வைத்துப் பாருங்கள். பிளவின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் வேறு பீஸ் கேளுங்கள்.

ஆம், பீஸ். மலிவுப் பேனாவில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பேனாக்கள்கூட ஒரே மாதிரி எழுதாது. ஒன்றை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு "அந்த மாடலே வேஸ்ட்" என்றோ "அந்த மாடல்தான் ராஜா" என்றோ சொல்வது சரியில்லை. ஹீரோ 616 போன்ற பெயர்பெற்ற சீனப் பேனாக்களில் போலிகளும் ஏராளம் என்பதால், நீங்கள் குறை சொல்வது ஹீரோவே இல்லாமலும் இருக்கலாம். எழுதிப் பார்க்க விடுகிற, மாற்றித் தருகிற கடையில் வாங்குவது நல்லது. பாரிமுனை ஜெம் அண்ட் கோ போன்ற பழைய பேனாக் கடைகள் நம் பக்கத்திலேயே இருப்பது வடசென்னைக்காரர்களின் அதிர்ஷ்டம். திருவள்ளூரில் ரங்கா பேனாவை எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் கடைசல் பிடித்துக் கையால் செய்கிறார்கள். அது வேறு விலை, வேறு பேச்சு.

நிப்பின் மேல் இருக்கும் எழுத்தை அப்படியே நம்புவதும் வேண்டாம். ஜப்பான் பேனாவில் எஃப் (ஃபைன், அதாவது மெலிது) என்று போட்டிருந்தால் அது ஐரோப்பியப் பேனாவின் எஃப்பைவிட மெலிதாக எழுதும். பிளாட்டினம் பிரெப்பி என்ற ஜப்பான் பேனாவில் 03, 05 என்று மில்லிமீட்டர் கணக்கில் (0.3, 0.5) இருக்கும். தமிழைப் பொடியாக எழுதுகிறவர்களுக்கு 03 போதும். நம்மூர் மலிவுப் பேனாக்கள் பலவற்றில் எந்தக் குறியும் இருக்காது. எழுதித்தான் பார்க்க வேண்டும்.

ஆளுக்கொரு மை, ஆளுக்கொரு தாள்

ஒரு பேனாவை இரண்டு வருடம் சோம்பேறி என்று ஒதுக்கி வைத்திருந்தேன். வரிக்கு ஒரு முறை நிற்கும், உதறினால்தான் அடுத்த வார்த்தை வரும். ஒருநாள் சும்மா கழுவி, புதிதாகத் திறந்த பிரில் ராயல் ப்ளூவை ஊற்றினேன். ஓடியது பாருங்கள்! அதுவரை அதில் இருந்தது பழைய பாட்டிலின் கடைசி கறுப்பு மை. தண்ணீர் ஆவியாகிக் குழம்பு போலாகி, அடியில் வண்டல் தங்கியது. இந்தப் பக்கம் இன்னொரு பேனாவில் புது மையை ஊற்றிவிட்டு இரண்டையும் ஒப்பிட்டு நான் கொடுத்த தீர்ப்புக்கு என்ன மதிப்பு? இரண்டு பேனாவை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே பாட்டிலிலிருந்து ஒரே நாளில் நிரப்புங்கள். வேறு மைக்கு மாறும்போது கலக்காமல் முழுக்கக் கழுவிவிட்டு நிரப்புங்கள். சில மைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் திரிந்துபோய் நாக்கை அடைத்துவிடும். படம் வரையும் இந்தியன் இங்க்கை மட்டும் எந்த மைப்பேனாவிலும் ஊற்றாதீர்கள். அதில் அரக்கு இருக்கிறது. காய்ந்தால் பேனா போனதுதான்.

தாளிலும் இதே கதை. ஆண்டர்சன் தெருவில் நோட்டு வாங்கும்போது கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. நார் தளர்ந்த தாளில் கோட்டின் இரு ஓரமும் மரவட்டைக் கால் போல முளைக்கும். அதே பேனா வழவழப்பான தாளில் கூர்மையாக எழுதும். மழைக்காலத்தில் கடல்காற்றில் ஈரம் குடித்த நோட்டில் இன்னும் மோசம். இது தெரியாமல் "இந்தப் பேனா பட்டையா எழுதுது" என்று பேனாவைத் திட்டிக்கொண்டிருப்போம்.

நான் ரொம்ப நாள் கழித்துக் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பேனா பக்கத்தின் மேல்பாதியில் நன்றாக எழுதி, கீழ்ப்பாதியில் விட்டு விட்டு எழுதும். பேனாவை மாற்றினாலும் அப்படியே. கோளாறு என் கையில் இருந்தது. மேல்பாதி எழுதும்போது உள்ளங்கை கீழ்ப்பாதியில் பதிந்திருக்கிறது. சித்திரை வெயிலில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தாளில் ஏறிவிடுகின்றன. அங்கே மை ஒட்டுவதில்லை. கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தேன், தீர்ந்தது.

மையில் இன்னொன்றையும் பார்க்க மறந்துவிடுகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கடைக்குள் தண்ணீர் புகுந்து கீழ்த்தட்டிலிருந்த இரண்டு நோட்டுகள் நனைந்தன. காயவைத்துப் பிரித்தால், ராயல் ப்ளூவில் எழுதிய பக்கங்களில் வெறும் நீலக் கறைதான். பால்பாயின்ட்டில் எழுதிய ஓரக் குறிப்புகள் மட்டும் ஒரு எழுத்து அழியாமல் நின்றன. பள்ளிக்கூடத்து ராயல் ப்ளூ துணியில் பட்டால் துவைத்து எடுக்க வசதியான மை. அதனால் காசோலைக்கும் கணக்குக்கும் அது ஆகாது. நிரந்தர மை என்று போட்டிருந்தாலும் ஒரு வரி எழுதி, ஒருநாள் காயவிட்டு, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

அழுத்தி எழுதும் கை

எங்கள் கடையில் டெலிவரி சீட்டு மட்டும் இன்னும் கார்பன் வைத்துத்தான். "அண்ணே, பேனா குடுங்கண்ணே, லாரி நிக்குது" என்று வாங்கிப்போன பையன், மூன்று பிரதி விழ வேண்டுமே என்று என் மைப்பேனாவை அந்தச் சீட்டில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினான். திரும்பி வந்தபோது நிப்பு காக்கை அலகு மாதிரி வாய் திறந்திருந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, கார்பனுக்கு அழுத்தித்தான் ஆக வேண்டும். மைப்பேனாவுக்கோ பேனாவின் சொந்த எடையே போதும். கார்பன் சீட்டுக்கும், டி.என்.பி.எஸ்.சி. மாதிரித் தேர்வுகளின் ஓ.எம்.ஆர். தாளுக்கும் பால்பாயின்ட்தான், அங்கே மைப்பேனாவைக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தவர் கைக்குப் போனால் நிப்பு "அவங்க கைக்குப் பழகிடும்" என்று பள்ளியில் சொல்வோமே, அது மிகை. நுனியில் இருக்கும் பொட்டு பெரும்பாலும் மிகக் கடினமான உலோகக் கலவை. ஒரு பக்கம் எழுதினால் தேயாது. கெடுப்பது அழுத்தம்தான். புதுப் பேனா கீறினால் பிளேடால் பிளவைக் கிழித்து விரிக்கும் பள்ளிக்கூட வைத்தியமும் வேண்டாம்.

விலையில் சேராத செலவுகள்

நூற்றைம்பது ரூபாய்ப் பேனா, நானூறு ரூபாய்ப் பேனா என்று ஒப்பிடும்போது, மை எப்படி நிரப்புவது என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கார்ட்ரிட்ஜோடு (மை அடைத்த குட்டிக் குழாய்) மட்டும் விற்கிற பேனாவுக்கு, பாட்டில் மையை உறிஞ்சி நிரப்பும் கன்வெர்ட்டரைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். பார்க்கருக்கு அதன் சொந்த அளவுக் கார்ட்ரிட்ஜ்தான், ஊரில் கிடைக்கும் பொது அளவு உள்ளே உட்காராது. கன்வெர்ட்டரில் பொதுவாக ஒரு மில்லிக்குள்தான் மை பிடிக்கும் என்றாலும், 60 மில்லி பாட்டில் ஒன்று அறுபது தடவைக்கு மேல் வரும். மாதக்கணக்கில் பார்த்தால் பாட்டில் மைதான் மலிவு. ஹீரோ மாதிரி ரப்பர் பையை அழுத்தி நிரப்பும் பேனாவில், ஒரே அழுத்தோடு எடுத்துவிட்டு "இங்க்கே பிடிக்கல" என்பார்கள். நிப்பை மைக்குள்ளேயே வைத்து, நாலைந்து முறை நிதானமாக அழுத்தி விட வேண்டும்.

நேராக உடலுக்குள் சொட்டு சொட்டாக மை ஊற்றும் பேனாவில் அதிகம் பிடிக்கும், ஆனால் சென்னைச் சூட்டில் அது கக்கும். மை குறையக் குறைய உள்ளே காற்று கூடுகிறது. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளுகிறது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகும் முன் நிரப்பிவிட்டால் பெரும்பாலும் சட்டைப்பை தப்பும். மரையில் சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். வாஸ்லைன் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும்.

புதுப் பேனாவைக் கழுவாமல் மை ஊற்றுவதும் தவறு. நிப்பில் தொழிற்சாலை எண்ணெய் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீர் போதும். வெந்நீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கம் போர் தண்ணீர் பல வீடுகளில் உப்பு. கழுவிக் காயவைத்தால் வெள்ளைப் படிவு நிற்கும். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் அரை டம்ளர் எடுத்துக்கொள்வேன்.

கடைசியாக ஒரு சோதனை. எங்கள் கடைக்கு ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை மாலை, நிரப்பிய பேனாக்களை மூடி மேசைமேல் படுக்க வைத்துவிட்டுப் போவேன். மூடி சரியாக அடைக்காத பேனாவில் நிப்பு காய்ந்துவிடும். அதைக் கடையில் எவ்வளவு முக்கிப் பார்த்தாலும் தெரியாது. திங்கள் காலை உதறாமல், எச்சில் தொடாமல், முதல் எழுத்திலேயே எழுதினால் அது மேசையில் இருக்கும். எழுதாதது இழுப்பறைக்குப் போகும். பதினொன்றில் இப்போது மேசையில் இருப்பவை இரண்டு. அதில் ஒன்று, நான் சோம்பேறி என்று ஒதுக்கியிருந்த அதே பேனா.