இன்லேண்ட் சீக்கு அரை நாள்: கத்தார் மணலில் அவசரமில்லாமல் போய் வர

மணல்மேடுகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்கும் இன்லேண்ட் சீயைக் காட்ட, தோஹாவில் ‘அரை நாள் பாலைவன சஃபாரி’ என்று விற்பது பெரும்பாலும் நான்கு மணி நேரம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நகரிலிருந்து, மணல் தொடங்கும் சீலைன் கடற்கரைக்குப் போக ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம். மணலில் புதையாமலிருக்க டயரில் காற்றை இறக்கவும், திரும்பியதும் ஏற்றவும் 20 நிமிடம். மணலில் போக வர ஒரு மணி நேரம், சில நாள் கூடுதல். ஒட்டகத்துக்கு 20 நிமிடம் கொடுத்துவிட்டால் கடல் ஓரத்தில் நிற்க மிஞ்சுவது கால் மணி நேரம். ஒரு படம் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏற வேண்டியதுதான்.

நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டே வழி. ஐந்து, ஐந்தரை மணி நேரம் பேசி எடுங்கள். அல்லது பட்டியலில் எதையாவது வெட்டுங்கள். முதலில் வெட்ட வேண்டியது குவாட் பைக், அதாவது மணலில் ஓட்டும் நான்கு சக்கர பைக். அரை மணி நேரத்தைத் தின்பதோடு, கூட்ட நாட்களில் அடிபடுபவர்களும் அதில்தான் அதிகம். அடுத்தது ஒட்டகம்; குழந்தைகள் இல்லாவிட்டால் தாராளமாக விடலாம். தண்ணீர் ஓரத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தால் மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஊர்க்காரர்கள் இன்லேண்ட் சீ என்று சொல்லும் இடத்தின் பெயர் கோர் அல் அதைத். நாட்டின் தென்கிழக்கு மூலையில், சவூதி எல்லையை ஒட்டியிருக்கிறது. வளைகுடாக் கடல் ஒரு குறுகிய வாய்க்கால் வழியே உள்ளே புகுந்து, மணல்மேடுகளுக்கு நடுவே ஏரிபோல் விரிந்து நிற்கும். மேடுகள் சில இடங்களில் 40 மீட்டர் உயரம் வரை போகும். பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி இது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2008-இல் சேர்ந்தது. தார்ச்சாலை சீலைனோடு முடிந்துவிடும். அதற்கப்பால் கடையோ கழிப்பறையோ குழாயோ எதிர்பார்க்காதீர்கள்.

எப்போது கிளம்புவது

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம், ஏப்ரல் பரவாயில்லை. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை விடியற்காலையைத் தவிர வேறு நேரம் உகந்ததல்ல. ஆகஸ்ட், செப்டம்பரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை அசத்தும்.

மதியப் பயணத்தில் அஸ்தமனத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பண்ணுங்கள். டிசம்பரில் சூரியன் 4:45 வாக்கில் மறைந்துவிடும். வழக்கமான 2 மணி பிக்கப்பில் கிளம்பினால் சீலைன் சேர 3, காற்று இறக்கித் தண்ணீருக்குப் போய்ச் சேர 4 ஆகிவிடும். முக்கால் மணி நேரத்தில் இருட்டு. இருட்டில் மேட்டு விளிம்பு தெரியாது என்பதால் டிரைவர் உங்களைக் கிளப்பிக்கொண்டே இருப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. டிசம்பர், ஜனவரியில் 12:30-க்கே கிளம்புவது சரி. மார்ச்சில் 1:30. ஏப்ரலில் அஸ்தமனம் 6 மணியை ஒட்டிப் போய்விடுவதால் 2 மணி போதும்.

காலைப் பயணம் இன்னும் அமைதியானது. சாய்ந்த வெளிச்சத்தில் மேடுகளின் நிழல் நீளமாக விழும். படத்துக்கும் நல்லது, ஓட்டுபவருக்கும் நல்லது. நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது மணல் முழுக்க ஒரே நிறமாகி, எங்கே மேடு முடிந்து எங்கே பள்ளம் தொடங்குகிறது என்றே தெரியாது. குளிர்காலக் காலையில் ஒரே தொல்லை மூடுபனி. சீலைன் போகும் வழியிலுள்ள மெசையீத் சாலையில் சில நாள் எதிர் வண்டியே தெரியாத அளவுக்கு இறங்கும், ஆகவே 7 மணிக்கு முன் பிக்கப் வைக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ஊரே அங்கேதான் இருக்கும். ஞாயிறு முதல் புதன் வரை ஏதாவது ஒரு நாள் கிடைத்தால் விடாதீர்கள். வடமேற்கிலிருந்து ஷமால் காற்று பலமாக வீசும் என்று வானிலை அறிக்கை சொன்னால் நாளை மாற்றுங்கள். முழங்கால் உயரத்துக்கு மணல் பறக்கும்போது கடல் ஓரத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்க முடியாது.

பேசும்போது கேட்க வேண்டியது

வண்டி உங்களுக்கு மட்டுமா, மற்றவர்களோடு சேர்த்தா? பகிர்ந்து போனால் நிதானம் உங்கள் கையில் இல்லை. கூட வரும் நான்கு பேர் டூன் பாஷிங் (மேடுகளில் வேகமாக ஏறி இறங்குவது) வேண்டுமென்றால் நீங்களும் குலுங்க வேண்டியதுதான். எல்லா இருக்கையிலும் பெல்ட் வேலை செய்கிறதா, குழந்தை இருக்கை தருவார்களா, தண்ணீர் ஓரத்தில் எத்தனை நிமிடம், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லேண்ட் குரூசரில் ஏழு பேர் என்பார்கள். வசதியாக உட்கார நான்கு பேர்தான்.

கர்ப்பிணிகள், முதுகு அல்லது கழுத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் மேடுகளில் ஏறி இறங்கும் பயணத்துக்கு வர வேண்டாம். மெதுவாகப் போனாலும் திடீர்க் குலுக்கல் இருக்கும். அவர்களுக்குச் சீலைன் கடற்கரையே நல்ல மாற்று: அங்கும் மேடு உண்டு, கடல் உண்டு, வாசல் வரை தார்ச்சாலையும் உண்டு.

எடுத்துப் போக வேண்டியது கொஞ்சம்தான். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கழுத்தையும் மூக்கையும் மூடும் பருத்தித் துணி, வெயில் கண்ணாடி, சன் ஸ்கிரீன், மாற்றுத் துணி, ஈரத் துடைப்பான், குப்பைக்கு ஒரு பை. ஷூ வேண்டாம், நிமிடத்தில் மணல் நிரம்பிவிடும். எளிதில் கழற்றும் செருப்பு போதும். கேமராவை ஜிப் பையில் வையுங்கள், லென்ஸை மட்டும் வெளியில் கழற்றாதீர்கள். டிசம்பர், ஜனவரி மாலைக்கு ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும், சூரியன் இறங்கியதும் குளிர் சட்டென்று ஏறும். ஒட்டகக்காரருக்குச் சில்லறையாக ரியால் இருக்கட்டும்; ஏறுவதற்கு முன்பே விலை பேசிவிடுங்கள். கழிப்பறைக்குக் கடைசி வாய்ப்பு மெசையீத் பெட்ரோல் பங்க் அல்லது சீலைன். போகும் வழியிலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒட்டகத்தில் ஏறினால் ஒன்று நினைவிருக்கட்டும். எழும்போது பின்னங்கால்தான் முதலில் நிமிரும், நீங்கள் முன்னால் சாய்வீர்கள். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடங்கும், அப்போதும் முன்னால்தான் சாய்வீர்கள். இரண்டு நேரத்திலும் சேணத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பைப் பின்னால் தள்ளுங்கள்.

மணலில்: வயிறும் காற்றின் திசையும்

இங்குள்ள மேடுகள் பெரும்பாலும் பிறை வடிவம். ஷமால் வடமேற்கிலிருந்து வீசுவதால் வடமேற்குப் பக்கம் சாய்வாகவும், தென்கிழக்குப் பக்கம் 30 பாகைக்கு மேல் செங்குத்தாகவும் இருக்கும். நீங்கள் சீலைனிலிருந்து தெற்கே போகிறீர்கள். ஆகவே போகும்போது சாய்வில் ஏறிச் செங்குத்தில் இறங்குவீர்கள். வயிற்றைப் புரட்டும் இறக்கங்கள் எல்லாம் போகும் வழியில்தான். திரும்பும்போது அதே மேடுகள் சுவர்போல் எதிரே நிற்கும், டிரைவர் அவற்றைச் சுற்றிக்கொண்டு வருவார். மெதுவாகப் போக வேண்டும் என்பதைக் காற்று இறக்கும் இடத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது இதனால்தான். முதல் மேட்டில் ஏறிய பிறகு சொன்னால் பாதி முடிந்துவிட்டிருக்கும்.

குமட்டல் வரும் ஆட்கள் முன் இருக்கையில் உட்காரட்டும். மூன்றாவது வரிசை பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால் குலுக்கல் முழுவதும் அங்கேதான் இறங்கும். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிடுங்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறுபவர்களும் ஒன்றுமே சாப்பிடாமல் ஏறுபவர்களும் ஒரே மாதிரிதான் அவதிப்படுகிறார்கள். மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு பலனில்லை. பயணத்தின்போது போனைப் பார்க்காதீர்கள், தொலைவில் தெரியும் முகட்டைப் பாருங்கள்.

தண்ணீர் ஓரத்தில்

மேட்டு உச்சியில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு முகடு வழியாக நடந்து இறங்குங்கள். முகட்டில் மணல் ஓரளவு இறுகியிருக்கும். செங்குத்துப் பக்கத்தில் மணலோடு சேர்ந்து வழுக்கி இறங்கலாம். குழந்தைகளுக்கு அதைவிட வேறு விளையாட்டு வேண்டாம். ஆனால் அடியில் வண்டி வரும் தடம் இருந்தால் கூடாது, மேலிருந்து வரும் டிரைவருக்கு அங்கே ஆள் இருப்பது தெரியாது.

உட்புறம் தண்ணீர் ஆழம் குறைவு, உப்பு அதிகம். கண்ணில் பட்டால் எரியும், ஆகவே கழுவ ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் ஒதுக்கி வையுங்கள். காலைத் தூக்கி வைக்காமல் அடியைத் தேய்த்தபடி நடங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை மீன் அதிர்வு கேட்டு விலகிவிடும், மிதித்தால் முள்ளால் அடிக்கும். கடலோடு சேரும் வாய்க்கால் பக்கம் மட்டும் இறங்க வேண்டாம். ஏற்ற வற்ற நேரங்களில் அங்கே நீரோட்டம் பலம், காப்பாற்ற ஆளும் கிடையாது.

குளிர்காலத்தில் பூநாரைகள் தென்படலாம். கிட்டே போனால் பறந்துவிடும், நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் மேய்ந்துகொண்டே இருக்கும். எதிர்க்கரையில் தெரிவது சவூதி. போன் அந்த நாட்டு நெட்வொர்க்கைப் பிடித்து ரோமிங் ஏற வாய்ப்புண்டு, டேட்டாவை அணைத்துவிடுங்கள். குடும்பத்தோடு வந்திருக்கும் மற்றவர்கள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் பிறரைப் படமெடுப்பது இங்கே சட்டச் சிக்கல். ட்ரோனுக்கும் அனுமதி வேண்டும்.

சொந்த வண்டியில் போவதானால்

ஒற்றை வண்டியில் போகாதீர்கள். குறைந்தது இரண்டு வண்டி, அதில் ஒருவர் வழி தெரிந்தவர். ஃபோர் வீல் டிரைவ் என்று பெயர் போட்ட எல்லா எஸ்யூவியும் இதற்கு ஆகாது, லோ கியரும் (மெதுவாக ஆனால் அதிக இழுவிசையோடு ஓட்டும் கியர்) தரையிலிருந்து நல்ல உயரமும் வேண்டும். வாடகை வண்டியாக இருந்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலான இன்சூரன்ஸ் மணலில் ஆன சேதத்துக்குப் பணம் தராது.

டயர் காற்றை 35-லிருந்து 15 முதல் 18 பி.எஸ்.ஐ.-க்கு (காற்றழுத்த அளவு) இறக்குங்கள். டயர் தரையில் படும் பரப்பு நீண்டு, எடை பரவி, வண்டி மணலில் புதையாமல் போகும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயர் சூடாக இருப்பதால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், குளிர்ந்ததும் குறையும் என்பதை மனதில் வைத்து 18-இல் நிறுத்துங்கள். 12-க்குக் கீழே போனால் வேகமாக வளைக்கும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணையுங்கள். இல்லாவிட்டால் ஏற்றத்தின் நடுவில் அதுவே என்ஜின் வேகத்தைக் குறைத்து உங்களைச் சிக்க வைக்கும்.

மேட்டில் நேராக ஏறுங்கள், முகடு நெருங்கும்போது ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துங்கள். அந்தப் பக்கம் தெரியாத மேடு என்றால் முன்னாலேயே நிறுத்தி, நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். செங்குத்தில் இறங்கும்போது மூக்கு நேர் கீழே இருக்க வேண்டும். குறுக்காக இறங்கினால் வண்டி உருளும். பயந்து பிரேக்கை அழுத்தினாலும் பின்பக்கம் திரும்பிக் குறுக்காகிவிடும். இன்னொன்று: தெற்கே இறங்கிய பள்ளத்திலிருந்து வடக்கே ஏற முடியாமல் போகலாம், வெளியேறும் வழி கண்ணில் படாமல் எந்தப் பள்ளத்திலும் இறங்காதீர்கள். நிறுத்துவதாக இருந்தால் எப்போதும் இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துங்கள்.

சக்கரம் சுற்றி வண்டி நகராவிட்டால் அந்த நொடியே காலை எடுங்கள். இன்னும் பத்து விநாடி மிதித்தால் அச்சு வரை இறங்கிவிடும். சக்கரத்தின் முன்பின் மணலை வாரி, வயிற்றுப் பகுதி தரையில் தட்டுகிறதா என்று பார்த்து அதையும் தோண்டி, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். பத்தில் எட்டு முறை இது போதும். கயிறு கட்ட வேண்டி வந்தால் வண்டியின் சட்டத்திலுள்ள இழுவைக் கொக்கியில் மட்டும் கட்டி, ஆட்களைக் கயிற்றின் நீளத்துக்கு அப்பால் தள்ளி நிறுத்துங்கள். அறுந்த கயிறு உயிரை வாங்கும்.

மணலைவிட மோசமானது சப்கா, அதாவது உப்புத் தரை. கடல் ஓரத்தில் தட்டையாக, இறுகியதுபோல் தெரியும். மேல் ஓடு உடைந்தால் அடியில் சேறுதான். மணலில் சிக்கிய வண்டியை அரை மணி நேரத்தில் எடுக்கலாம், சப்காவில் சிக்கியதற்குப் பெரிய வண்டி வந்தாக வேண்டும், அதற்குள் கடல் ஏறினால் வண்டி போச்சு. ஏற்கெனவே டயர் தடம் இருக்கும் வழியைத் தவிர, கருத்து ஈரமாகத் தெரியும் எந்தத் தரையிலும் ஏறாதீர்கள். அவசர உதவி எண் 999. சில பள்ளங்களில் சிக்னல் இருக்காது, மேட்டில் ஏறி அழையுங்கள். இருக்குமிடத்தின் லொகேஷனை முன்கூட்டியே போனில் சேமித்து வைத்திருந்தால் வழி சொல்வது எளிது.

திரும்பியதும் சீலைனிலேயே காற்றை ஏற்றிவிடுங்கள். 15 பி.எஸ்.ஐ.-யோடு நெடுஞ்சாலையில் 100-இல் போனால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். தண்ணீர் ஓரமாக ஓட்டியிருந்தால் வண்டியின் அடிப்பாகத்தை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அழுத்திக் கழுவச் சொல்லுங்கள், குறிப்பாக பிரேக் டிஸ்க்கையும் சஸ்பென்ஷன் மூட்டுகளையும். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் கைப்பிடி மணல் விழும்.