டெஸ்க்டாப் சிங்க் புரோகிராமை மொபைலுக்குக் கொண்டு வர்றப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம், மண்டபம் பக்கத்துப் பசங்க ஆப் எழுதிட்டு கோடு காட்ட வர்றப்பல்லாம் பாக்குறேன், நாங்க முன்னாடி சறுக்குன அதே இடத்துலதான் சறுக்குறாங்க. பட்டன் சின்னதா இருக்கு, டார்க் மோட் இல்ல மாதிரி விஷயமெல்லாம் தானா தெரிஞ்சிடும், விடுங்க. சிங்க் புரோகிராம்னா ரெண்டு மெஷின்ல இருக்குற ஃபைல்களை ஒரே மாதிரி வச்சிருக்குறது; அதுல டேட்டாவுக்கு ஆபத்தான தவறுகளை மட்டும் சொல்றேன்.

ஃபைலைக் காணோம்னா அழிச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல

இதைப் பாத்தா எனக்கு இன்னிக்கும் கோவம் வருது. டெஸ்க்டாப்ல ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் எங்கயும் போகாது, அதனால போன ஸ்கேன்ல இருந்த ஃபைல் இப்ப இல்லைன்னா யூசர் அழிச்சிட்டாருன்னு சிங்க் புரோகிராம் எடுத்துக்கிட்டு மத்த மெஷின்லயும் அழிச்சிடும். அதே லாஜிக்கை அப்படியே போனுக்குத் தூக்கிட்டு வந்துடுறாங்க. போன்ல மெமரி கார்டு லூசாகும், யூசரே பர்மிஷனை ஆஃப் பண்ணுவாரு, ஆப்பைப் பல மாசம் தொறக்கலைன்னா ஆண்ட்ராய்டு 11லேர்ந்து சிஸ்டமே பர்மிஷனை எடுத்துடும். அப்போ ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு கேக்குற லிஸ்ட்ஃபைல்ஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டா நல் (null), அதாவது 'பதில் இல்ல'ன்னு வரும். கிராஷ் ஆகக் கூடாதுன்னு கோட்லின்ல (ஆண்ட்ராய்டு ஆப் எழுதுற மொழி) அதைக் காலி லிஸ்ட்டா மாத்தி ஒரு வரி போடுறாங்க பாருங்க, அந்த வரிதான் எமன்; எல்லா ஃபைலையும் அழிச்சாச்சுன்னு ஆப் நினைச்சுக்கும்.

கீழக்கரைல ஒரு ஸ்டூடியோல நடந்துச்சு. கல்யாண வீட்டுல போன்ல எடுத்ததெல்லாம் கார்டுல இருந்து கம்ப்யூட்டருக்குத் தானா போகுற மாதிரி ஒரு தம்பி ஆப் எழுதிக் கொடுத்திருந்தான். கடைப் பையன் கார்டைக் கழட்டி ரீடர்ல போட்டிருக்கான், அவ்ளோதான், கம்ப்யூட்டர்ல இருந்த ஃபோல்டர் காலி. கார்டுல இடம் பத்தலைன்னு பழைய படங்களைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் மாத்தி வச்சிருந்தாங்க, அதுவும் அந்த ஃபோல்டரோட போச்சு. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு கொஞ்சம்தான் மீண்டுச்சு. நிக்காஹ் போட்டோவை மறுபடி எப்படி எடுக்குறது?

ஜெட்டில படகைக் காணலைன்னா கடலுக்குப் போயிருக்கும்னுதான நினைப்போம், மூழ்கிடுச்சுன்னா முடிவு கட்டுவோம்? அதனால ஃபோல்டருக்குள்ள ஒரு அடையாள ஃபைல் வைங்க, அது கண்ணுல படலைன்னா ஸ்கேனையே நிறுத்துங்க. சிங்க்திங்ங்கிற இலவச சிங்க் புரோகிராம்ல எஸ்டிஃபோல்டர்னு ஒண்ணு இருக்குறது இதுக்குத்தான். ஸ்கேன் நடுவுல எரர் வந்தா அந்த ரவுண்டுல எந்த டெலீட்டையும் எழுதாதீங்க. பாதிக்கு மேல ஃபைல் காணாமப் போனா யூசரைக் கேளுங்க. அழிக்கிறதையும் ட்ராஷ்ல கொஞ்ச நாள் வைங்க.

ஆப் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும்னு நம்பாதீங்க

2015ல ஆண்ட்ராய்டு 6ல டோஸ் (போன் சும்மா கிடந்தா பேட்டரி மிச்சம் பிடிக்க ஆப்பையெல்லாம் அடக்கி வைக்கிற வசதி) வந்ததுலேர்ந்தே அந்தக் கதை முடிஞ்சுது. பின்னணி வேலையை ஆண்ட்ராய்டுகிட்ட ஒப்படைக்கிற ஒர்க்மேனேஜர்ல திரும்பத் திரும்ப ஓடுற வேலைக்குக் குறைஞ்ச இடைவெளி 15 நிமிஷம், ஆண்ட்ராய்டு 15ல பின்னணில டேட்டா அனுப்புற டேட்டாசிங்க் சர்வீஸ் 24 மணி நேரத்துல 6 மணி நேரம்தான் ஓடலாம். ஐபோன்ல எப்ப ஓடணும்னு ஐஓஎஸ்தான் முடிவு பண்ணும். சிஸ்டம் ஆப்பை எந்த நொடில கொன்னாலும் தாங்கணும்: தற்காலிகப் பேர்ல எழுதி, முழுசா வந்தப்புறம் ரீநேம், ஒவ்வொரு ஃபைலும் முடிஞ்சதும் டேட்டாபேஸ்ல பதிவு.

தமிழ் ஃபைல் பேரு

"போட்டோ"ல வர்ற ஓகாரக் குறியை ஒரே யூனிகோட் எண்ணாவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டாவும் வைக்கலாம். பழைய மேக் பிரிச்சுத்தான் வைக்கும். நார்மலைஸ் பண்ணாம (ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்தாம) ஒப்பிட்டா ஒரே ஃபைல் ரெண்டாத் தெரியும்.

ரோமிங்

தனுஷ்கோடி பக்கம் போன் இலங்கை டவரைப் பிடிக்கும். ரோமிங்ல சிங்க் வேணாம்.

ஆபீஸ் வைஃபைல மட்டும் டெஸ்ட் பண்றது

மண்டபத்துலேர்ந்து ராமேஸ்வரம் பஸ்ல போய்க்கிட்டே பெரிய வீடியோ அனுப்பிப் பாருங்க, நடுவுல டேட்டாவை ஆஃப் பண்ணுங்க, கார்டைக் கழட்டுங்க.