பழைய அவுட்போர்டு மோட்டார்: கார்புரேட்டரைச் சுத்தம் செய்து சரிசெய்யும் முறை

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த படகு மோட்டார் கிடைத்ததும் பலருடைய விரல்களும் நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் ஊசித் திருகுக்குத்தான் போகின்றன. அதைக் கடைசியில் தொடுங்கள். உள்ளே அடைத்துக் கிடக்கும் கார்புரேட்டரைத் திருகி வழிக்குக் கொண்டுவர முடியாது. ஸ்பார்க் பிளக்கில் பொறி வலுவாக இருக்கிறதா, சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். பொறி மங்கிய மோட்டாரும் பெட்ரோல் கோளாறு போலவே திணறும்.

நான் சொல்லப்போவது 1950களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் பரவலாக இருந்த, இரண்டு ஊசித் திருகுகள் உள்ள கார்புரேட்டரைப் பற்றி. பெட்ரோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் இவற்றில் ஒரு திருகு மெதுவான ஓட்டத்துக்கு, மற்றது முழு வேகத்துக்கு.

கழற்றுதல்

காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பில்லாமல் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியின் முனையை விரலால் தடவிப் பாருங்கள். யாரோ அழுத்தி முறுக்கியதால் அங்கே வளையம்போலப் பள்ளம் விழுந்திருந்தால் புதிய ஊசிதான் வழி.

மிதவை

பழைய கார்புரேட்டர்களில் என்னை அதிகம் அலையவைத்தது இந்தச் சிறு தக்கைத் துண்டுதான். கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதந்தெழுந்து, பெட்ரோல் வரும் வால்வை மூடுவது இதன் வேலை. பெட்ரோல் உள்ளே ஊறாமலிருக்க அந்நாளில் அதற்கு அரக்கு வார்னிஷ் பூசினார்கள். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் அந்தப் பூச்சைக் கரைத்துவிடும். பெட்ரோலைக் குடித்துக் கனத்த தக்கை அமிழும், வால்வு மூடாது, கிண்ணம் நிரம்பி வழியும். தக்கை உடையாமல் இருந்தால் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, சில நாட்கள் நன்றாக உலரவிட்டு, சூப்பர் குளூவை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். நொறுங்கத் தொடங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

சுத்தம் செய்தல்

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, உலோகப் பாகங்களை மட்டும் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவையுங்கள். தக்கை, ரப்பர், வாஷர் எதுவும் அதில் விழக்கூடாது. பிறகு ஒவ்வொரு துளையிலும் கிளீனரைப் பீய்ச்சி, அது எந்த வழியாக வெளியே வருகிறது என்று பாருங்கள். வராத பாதை அடைத்திருக்கிறது. மீண்டும் ஊறவைத்துக் காற்றை அழுத்திச் செலுத்துங்கள். கம்பியை மட்டும் நுழைக்காதீர்கள். பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளை சற்றே பெரிதானாலும் அளவு கெட்டுவிடும்.

பொருத்துதல்

கேஸ்கட்டுகள் புதிதாக இருக்கட்டும். கிண்ணத்தின் மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவை மூடியின் விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும். ஊசிகளைச் சுற்றியுள்ள பேக்கிங் வாஷர்களையும் மாற்றுங்கள். அங்கே காற்று புகுந்தால் திருகு ஒரு நிலையில் நிற்காது. ஊசி சற்று இறுக்கத்துடன் திரும்பும் அளவுக்கு நட்டை முறுக்கினால் போதும்.

திருகுகளைச் சரிசெய்தல்

இரண்டு ஊசிகளையும் விரல் நுனியால் மென்மையாக அடிவரை மூடுங்கள். பிறகு மெதுவோட்ட ஊசியை ஒன்றரைச் சுற்றும் வேக ஊசியை ஒரு சுற்றும் திறந்துவையுங்கள். இந்த மோட்டார்களுக்குப் பெரும்பாலும் 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தண்ணீர் பம்பு மூழ்கும்படி தொட்டியில் வைத்து ஓட்டி மோட்டாரைச் சூடேற்றுங்கள். கியரில், குறைந்த வேகத்தில், மெதுவோட்ட ஊசியை எட்டில் ஒரு சுற்றாக மூடிவாருங்கள். ஒவ்வொரு முறையும் 15 நொடி காத்திருங்கள், மோட்டார் உடனே பதில் சொல்லாது. பெட்ரோல் குறைந்தால் கார்புரேட்டர் வாய்வழியாகத் தும்மும். மிகுந்தால் ஓட்டம் தடுமாறிப் புகை கூடும். தும்மல் கேட்டதும் சீராக ஓடும்வரை திறந்து, மேலும் ஒரு நூல் திறந்துவையுங்கள்.

முழு வேகத்தைத் தொட்டியில் சோதிக்க வேண்டாம், நீர் நுரைத்து ஏமாற்றும். படகில் பொருத்தி ஆழமான நீரில் ஓட்டுங்கள். வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சற்றுத் திறந்த பக்கமே நிறுத்துங்கள். இதில் கஞ்சத்தனம் கூடாது. இந்த டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோலைக் குறைத்தால் பிஸ்டனுக்கு மசகும் குறையும், உலோகம் உலோகத்தோடு உரசிப் பிடித்துக்கொள்ளும்.

மீண்டும் மெதுவோட்டத்துக்கு வந்து, வேகத்தைக் கூட்டும் திராட்டிலைச் சட்டென்று திறந்து பாருங்கள். மோட்டார் ஒரு கணம் திக்கினால் மெதுவோட்ட ஊசியை இன்னும் எட்டில் ஒரு சுற்று திறந்துவிடுங்கள்.