உப்பும் கதரும்: வெள்ளைமேல் வெள்ளை

வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தை அக்ரிலிக் வண்ணத்தில் பெரிதாக வரைந்து தரும்படி ஒரு நூலகத்தார் கேட்டார்கள். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, ஏப்ரல் 30 அன்று உப்பெடுத்துச் சட்டத்தை மீறினார்கள். அந்தக் கணம்தான் வேண்டும் என்றார்கள்.

சிக்கல் வெள்ளைதான். கதர் வெள்ளை, உப்பு வெள்ளை, வெளுத்த வானம் எல்லாம் ஒன்றாகிவிட, ஆட்கள் கரைந்து போனார்கள். கோடு இழுத்துப் பிரித்தால் சுவரொட்டி மாதிரி ஆகிவிடும்.

உப்பளத்துத் தரை உண்மையில் ஈரச் சேறு. அதனால் தரை முழுக்க பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் கலந்த சாம்பலைப் பூசினேன். காய்ந்தபின், வெயில் படும் இடத்தில் மட்டும் டைட்டானியம் வெள்ளையை வண்ணம் பூசும் கத்தியால் தடிமனாக இழுத்தேன். கதருக்குக் கொஞ்சம் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள். உப்பின் வெள்ளை குளிர்ந்த நிறமானது, துணியின் வெள்ளை சூடான நிறமானது, ஆட்கள் தனியாக எழுந்து நின்றார்கள்.

அப்புறம் ஒன்றை விட மனம் வரவில்லை. தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். மக்களோ சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். எனக்கு அதுவும் உப்பெடுத்ததற்குச் சமமான மீறல். கேட்டவர்களிடம் பேசி, படத்தின் இடது ஓரத்தில் நெடுக ஒரு புளியமரம் சேர்த்தேன்.

கடைசியில் மேலே பூசியது பளபளப்பில்லாத மேட் வார்னிஷ்தான். பளபளப்பானதைப் பூசினால் ஜன்னல் வெளிச்சத்தில் உப்புப் பகுதி கண்ணைக் கூசும்.