கோடை வகுப்பு தேடும் கலைப்பிரிவுப் பிள்ளைகளும் காசு போகும் வழிகளும்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்காரர் ஒருநாள் மகளுக்கு வெளிநாட்டுக் கோடை வகுப்பொன்றிலிருந்து வந்த கடிதத்தோடு இறங்கி வந்தார். தடித்த தாள், தங்க முத்திரை, 'நீங்கள் தெரிவுசெய்யப்பட்டுள்ளீர்கள்' என்ற வாசகம். பிள்ளை எதற்கும் விண்ணப்பித்திருக்கவேயில்லை. மேலே உலகமறிந்த ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர். அடியில் பொடி எழுத்தை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தால், நடத்துவது வேறொரு நிறுவனம். விடுமுறைக்கு வளாகத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கனபேர் சறுக்குவது இங்கேதான். வாடகைக் கட்டடத்தில் நடப்பதாலேயே வகுப்பு கூடாது என்றில்லை. ஆனால் அந்தப் பெயருக்காகப் பல லட்சம் கட்டுவதென்றால், யார் படிப்பிக்கிறார்கள், என்ன வாசிக்கக் கொடுக்கிறார்கள் என்றாவது கேட்க வேண்டாமா?

அடுத்தது, நேரம் பிந்துவது. வரலாறு, இலக்கியம், மெய்யியல் என்று படிக்கும் பிள்ளைக்கு உண்மையிலேயே நல்லவை பல, இலவசமாகவோ உதவித்தொகையோடோ கிடைக்கின்றன. அமெரிக்காவின் டெலுரைட் சங்கம் என்ற கல்வி அமைப்பு நடத்தும் கோடைக் கருத்தரங்கில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். வெளிநாட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். அங்கேயே யேல் பல்கலைக்கழகத்தின் யங் குளோபல் ஸ்கொலர்ஸ் என்ற கோடை வகுப்புக்குக் கட்டணம் கூடியது, ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகிறார்கள். இப்படியானவற்றுக்கு முந்திய ஆண்டின் கடைசியிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். நாங்களோ மே மாதம்தான் தேடுவோம். அப்போது கதவைத் திறந்து வைத்திருப்பவை பெரும்பாலும் முழுக்காசும் கேட்பவை. 'முதலில் சேருவோம், உதவியைப் பிறகு கேட்போம்' என்பதும் சரிவராது. உதவியை விண்ணப்பத்தோடே கேட்டுவிட வேண்டும்.

இலவசம் என்று கண்டதும் துள்ளவும் வேண்டாம். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் யூனிக், சட்டன் டிரஸ்ட் என்ற பிரித்தானிய அறக்கட்டளையின் கோடைப் பள்ளிகள் இரண்டும் இலவசம்தான், ஆனால் பிரித்தானிய அரச பாடசாலைப் பிள்ளைகளுக்கு. தகுதிப் பக்கத்தை முதலில் வாசித்தால் ஒரு வார உழைப்பு மிச்சம்.

அப்புறம் கணக்கு. கட்டணம் இலவசமென்றாலும் விமான ரிக்கெட், காப்புறுதி, விசா இருக்கின்றன. அமெரிக்க விசா விண்ணப்பத்துக்கு மட்டும் 185 டொலர்; மறுத்தாலும் திரும்பி வராது. எங்களுக்கு விடுமுறை வழக்கமாக ஓகஸ்ட்டில், அங்கே பல வகுப்புகள் ஜூன், ஜூலையில். அதிபரிடம் லீவு கேட்காமல் முற்பணம் கட்டாதீர்கள். இணையவழி வகுப்பென்றால் மணிக்கூட்டைப் பாருங்கள்: கோடையில் நியூயோர்க்கில் பிற்பகல் 3 மணி என்பது கொழும்பில் நள்ளிரவு 12.30.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது வேறொன்று. இங்கே இருப்பதெல்லாம் கணக்கில் சேராது என்ற நினைப்பு! கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டுக்குரிய, சீனாவில் செதுக்கிய கல், 1911இல் காலியில் கண்டெடுத்தது. சீன மொழியில் புத்தருக்கு, தமிழில் இந்துக் கடவுளான தென்னாவர நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்குக் காணிக்கை. காணிக்கைப் பொருட்களின் பட்டியல் மட்டும் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏன் அப்படி என்று நாலு பக்கம் எழுதப் பார்க்கிற பிள்ளைக்கு அடுத்த விண்ணப்பக் கட்டுரைக்குச் சரக்குக் கிடைத்துவிடும். வாசிக்க வெள்ளவத்தையிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. வீட்டிலிருந்தே என்றால் 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற மின்னூலக இணையத்தளம், சதம் காசு செலவில்லை.

மூன்றாம் மாடிப் பிள்ளை போன ஓகஸ்ட்டில் இரண்டு தடவை அந்தக் கல்லைப் பார்க்கப் போனாள். குறிப்பெடுத்த கொப்பிக்கு அந்தத் தங்க முத்திரைக் கடிதத்தைத்தான் உறையாகப் போட்டிருக்கிறாள். நல்ல தடித்த தாள் என்கிறாள்.