கம்ப்ரஷன் டெஸ்ட்: மீட்டர் காட்டும் அளவை எப்படிப் புரிந்துகொள்வது?

என் பழைய மாருதி 800 ஐடிலிங்கில் மிஸ்ஸிங் அடித்தது. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்த மெக்கானிக், "மூணு சிலிண்டரும் 100-ஐத் தாண்டலை சார், இன்ஜினைப் பிரிக்கணும்" என்றார். மனசு ஒப்பவில்லை. நானே ஒரு கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்) வாங்கிப் பார்த்தேன். எனக்கும் 90, 95 என்றுதான் வந்தது. இருவரும் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் பார்த்திருக்கிறோம்!

த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகடு) மூடியிருந்தால் சிலிண்டருக்குள் போதுமான காற்று போகாது. இல்லாத காற்றைப் பிஸ்டன் எப்படி அமுக்கும்? ஆகவே ஒருவர் பெடலை அடிவரை மிதித்தபடியே செல்ஃப் அடிக்க வேண்டும்.

இன்ஜின் சூடாக இருக்கட்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். பெட்ரோல் பம்ப் ரிலேயையும் காயில் கனெக்டரையும் கழற்றிவிட்டு, எல்லா பிளக்கையும் எடுத்துவிடுங்கள். ரப்பர் முனையைக் கையால் அழுத்திப் பிடிக்கும் கேஜ் வேண்டாம், கசியும். பிளக் துளையின் மரையில் திருகி மாட்டும் வகைதான் நம்பகமானது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஐந்தாறு முறை முள் துள்ளும்வரை செல்ஃப் அடியுங்கள்.

மிதித்துப் பார்த்ததும் எனக்கு வந்தது 165, 160, 120 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு; மேலே சொன்ன 90, 100 எல்லாமும் இதில்தான்). பெட்ரோல் இன்ஜின்களில் பொதுவாக 125 முதல் 180 வரை இருக்கும். உங்கள் வண்டிக்கான அளவைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். அதைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். எனக்கு மூன்றாவது சிலிண்டர் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைவு.

இப்படிக் குறைவாக வரும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். நன்றாக ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு பக்கம் சந்தேகம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) மீது சந்தேகம். ஆயிலை அதிகம் ஊற்றாதீர்கள். அதுவே இடத்தை அடைத்து அளவைக் கூட்டிக் காட்டும்.

எனக்கு 120 என்பது 125 ஆனது, அவ்வளவுதான். ஆக, வால்வு பக்கம். டேப்பட் கவரை (வால்வுகளுக்கு மேலுள்ள மூடி) திறந்தால் எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளியே இல்லை! அப்படியானால் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் கசியும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்த பிறகு 160. இன்ஜினைப் பிரிக்காமலே வேலை முடிந்தது.

பின்சேர்க்கை: ஊட்டியிலிருந்து ஒரு வாசகர், மூன்றுமே 130-ஐ ஒட்டி வருவதாகக் கவலைப்பட்டு எழுதியிருந்தார். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அளவும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். மூன்றும் சமமாக இருப்பதால் பயம் வேண்டாம். இன்னொருவர், கேஜ் குழாய் நுனியில் இருந்த வால்வு கெட்டதால் டயர் வால்வை மாட்டியிருக்கிறார். அதன் ஸ்பிரிங் கடினமானது, அளவைக் குறைத்தே காட்டும். கேஜுக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள்.