கோயில் சுவரில் ஒரு சோழ அரசியைத் தேடிப் படிப்பது எப்படி

இராஜராஜ சோழனின் அக்கா குந்தவை என்றதும் இப்போது பலருக்குத் திரையில் பார்த்த ஒரு முகம்தான் ஞாபகம் வருகிறது. உண்மையான குந்தவை எதைச் செய்தார், எவ்வளவு கொடுத்தார், அதை யாரிடம் ஒப்படைத்தார், வட்டி எவ்வளவு என்று கேட்டார் என்பதெல்லாம் தஞ்சாவூர் பெரிய கோயில் சுவரில் ஆயிரம் வருஷமாக வெட்டவெளியில் நிற்கிறது. நாம் அதைச் சுற்றித்தான் பிரதட்சிணம் வருகிறோம், கைப்பிடி தூரத்தில், ஒரு வரி கூடப் படிக்காமல். எனக்கு இது பெரிய வருத்தம். கல்வெட்டு என்றால் அறிஞர்கள் சமாசாரம் என்று நினைத்து ஒதுங்காதீர்கள். தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும், நாலைந்து வாரம் பழகினால் ஒரு அரசியின் பெயரை நீங்களே சுவரில் கண்டுபிடித்து விடலாம்.

முதலில் ஒரே ஒரு அரசியை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு கோயிலை. என் யோசனை: செம்பியன் மாதேவி, கோனேரிராஜபுரம். கும்பகோணத்திலிருந்து காரைக்கால் போகும் சாலையில் எஸ். புதூரில் இறங்கி உள்ளே போகவேண்டிய ஊர். தேவாரத்தில் இதற்குத் திருநல்லம் என்று பெயர். பெரிய நடராஜர் திருமேனிக்காக நிறைய பேர் வருவார்கள், பார்த்துவிட்டு நேரே கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கருவறையின் தெற்குச் சுவர் பக்கம் வந்து நில்லுங்கள். அங்கே லிங்கத்தை வணங்கியபடி ஒருவர் அமர்ந்திருக்கும் சின்னப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது, அதற்குக் கீழே எழுத்து. தன் மகன் உத்தம சோழன் அரசாளும்போது, தன் கணவரான சோழ அரசர் கண்டராதித்தர் பெயரால் செம்பியன் மாதேவி இந்தக் கற்றளியை (கற்கோயிலை) எடுப்பித்ததாகவும், இறைவனைத் தொழுகிறவராக இங்கே காட்டப்பட்டிருப்பவர் அந்தக் கண்டராதித்தரே என்றும் அது சொல்கிறது. முடிவில் 'ஸ்ரீ கண்டராதித்த தேவர் இவர்' என்று வரும். அந்த 'இவர்' என்ற சொல்லில் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கணவர் இறந்து பல வருஷம் கழித்து ஒரு பெண் அவரை விரல் நீட்டிக் காட்டுகிறாள். பக்கத்திலேயே கோயிலைக் கட்டிய ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனையும் சிற்பமாக வைத்து, அவனுக்குக் கிடைத்த பட்டப்பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். வேலை செய்தவன் பெயரை மறக்காத அரசி.

ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். போவதற்கு முன்னால் அந்தக் கோயில் கல்வெட்டின் அச்சுப்படியைக் கையில் வைத்திருக்க வேண்டும். இந்தியத் தொல்லியல் துறை 1890 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற வரிசையில் மூலபாடங்களை அச்சிட்டு வருகிறது, அதில் இரண்டாம் தொகுதி பெரும்பாலும் தஞ்சைப் பெரிய கோயில். மாநிலத் தொல்லியல் துறை மாவட்ட வாரியாகவும் ஊர் வாரியாகவும் வெளியிட்ட தொகுதிகள் தனியாக இருக்கின்றன. நிறைய இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழ் மின்நூலகத்தில் தேடிப் பாருங்கள். ஒரு பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய்ச் சுவரோடு ஒப்பிட்டுப் படிப்பதுதான் எழுத்துப் பழக எளிய வழி. எழுத்தட்டவணையை மனப்பாடம் செய்து தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

எழுத்தைப் பற்றிச் சில விஷயம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். புள்ளி பெரும்பாலும் இருக்காது, அதனால் க-வா க்-கா என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். எகர ஏகாரம், ஒகர ஓகாரம் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது, 'தெவியார்' என்று இருந்தால் தேவியார் என்று படித்துக்கொள்ள வேண்டியதுதான். ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும், இதுதான் ஆரம்பத்தில் ரொம்ப இழுத்தடிக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது. ஸ்ரீ, ஸ்வஸ்தி மாதிரி வடசொற்கள் கிரந்தத்தில் வரும், அவை படம் மாதிரி கண்ணில் பதிந்துவிடும்.

சரி, சுவரில் எங்கே பார்ப்பது? கருவறையின் அடித்தளமான அதிட்டானத்தில் ஜகதி, உருண்டையான குமுதம், பட்டிகை என்று அடுக்கடுக்காக இருக்கும், அங்கேயும் கோட்டங்களுக்கு (சிலை வைக்கும் மாடங்களுக்கு) நடுவே உள்ள சுவர்ப்பரப்பிலும்தான் அதிகம். ஒரு வரி கருவறையைச் சுற்றிக்கொண்டே போகும், மூலையில் திரும்பி அடுத்த முகத்தில் தொடரும், நடுவில் பிற்காலத்தில் கட்டிய மண்டபச் சுவர் வந்து மறைத்திருக்கும். அப்படி மறைந்தது போய்விட்டது, அதற்காக மனம் உடைய வேண்டாம். காலை முதல் வெயிலோ மாலைச் சாய்ந்த வெயிலோ பக்கவாட்டில் விழும்போது எழுத்து எழும்பித் தெரியும். நிழலான இடத்தில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கத்திலிருந்து அடித்துச் செல்போனில் படம் எடுங்கள், நேராக ஃபிளாஷ் போட்டால் ஒன்றும் தெரியாது. குருக்களிடமோ மெய்க்காவலரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுப்பது மரியாதை, அவர்களே 'இதோ இங்கேயும் எழுத்து இருக்கு' என்று கூட்டிப்போவார்கள். மாவு பூசுவது, சாக்பீஸால் எழுத்தின் மேல் வரைவது, எண்ணெய் தடவுவது எதுவும் செய்யவே கூடாது. மணல் வீச்சு போட்டுச் சுத்தம் செய்கிறோம் என்று எத்தனையோ கோயில்களில் கல்வெட்டு மழுங்கிப் போயிருக்கிறது, நாமும் சேர்ந்து கெடுக்க வேண்டாம்.

கல்வெட்டுக்கு ஒரு வரிசை உண்டு, அது தெரிந்தால் எல்லாவற்றையும் படிக்காமலே அரசி இருக்கும் இடத்துக்கு நேரே போகலாம். ஸ்வஸ்திஸ்ரீ, பிறகு அரசனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி (இராஜராஜனுக்குத் 'திருமகள் போல'), அரசன் பெயர், யாண்டு என்று ஆட்சியாண்டு, நாடு, ஊர், இறைவன் பெயர், அதற்குப் பிறகுதான் கொடுத்தவர். கடைசியில் 'சந்திராதித்தவல்' (சந்திரனும் சூரியனும் உள்ளவரை), 'பன்மாஹேஸ்வர ரக்ஷை' (சிவனடியார்கள் காக்க) என்று முடியும். பெண்ணைத் தேடுகிறவர்கள் 'தேவியார்', 'பிராட்டியார்', 'மகளார்', 'தமக்கையார்' என்ற நான்கு சொற்களைக் கண்ணால் துழாவினால் போதும்.

இங்கேதான் பலர் கோபப்படுகிறார்கள்: ஏன் எப்போதும் யாருக்கோ மகள், யாருக்கோ மனைவி, யாருக்கோ அம்மா? எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. ஆனால் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது, அந்த உறவுத்தொடர்தான் அவளுடைய அடையாள அட்டை. செம்பியன் மாதேவி 'மழவரையர் மகளார்' என்றும், 'கண்டராதித்த தேவர் தேவியார்' என்றும், பிறகு 'உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார்' என்றும் வருகிறார். எந்தத் தொடர் வருகிறது என்பதை வைத்தே அந்தக் கல்வெட்டு அவர் வாழ்க்கையில் எந்தக் கட்டம் என்று சொல்லிவிடலாம். கோப்பரகேசரி என்று பல சோழ அரசர்களுக்குப் பொதுவான பட்டத்தை மட்டும் போட்டு எந்த அரசன் என்று சொல்லாத கல்வெட்டுகள் ஏராளம். அங்கேயெல்லாம் அரசனின் காலத்தைக் கண்டுபிடிக்கக் கை கொடுப்பதே சில சமயம் இந்தப் பெண்ணின் உறவுத்தொடர்தான்.

பெயர் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். இணையத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இதனால் வருகிறது. இராஜராஜனின் அக்கா குந்தவை, வல்லவரையர் வந்தியதேவரின் மனைவி. இராஜராஜனின் மகளும் குந்தவை, அவர் வேங்கிச் சாளுக்கிய விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டவர். வானவன் மாதேவி என்று இராஜராஜனின் தாயும் உண்டு, இராஜேந்திரனின் தாயும் உண்டு. அதனால் பெயரைப் பார்த்ததும் நிறுத்தாமல், 'ஸ்ரீராஜராஜ தேவர் திருத்தமக்கையார்' என்ற மாதிரி முன்னால் வரும் தொடரையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

ஆண்டுக் கணக்கு சுலபம். அரசன் பட்டமேறிய வருஷத்தோடு ஆட்சியாண்டைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். இராஜராஜன் 985, யாண்டு ௰௬ என்று இருந்தால் 985 + 16 - 1 = 1000, அதாவது 1000-1001. கண்டராதித்தரின் தந்தை முதலாம் பராந்தகன் 907, அவனுடைய 34ஆம் ஆண்டு 940-941. இந்த இரண்டு கணக்கையும் சும்மா எடுத்துக்காட்டுக்குப் போடவில்லை. திருச்சி உய்யக்கொண்டான் திருமலையில் பராந்தகனின் 34ஆம் ஆண்டில் விளக்கு வைத்த இளம் மருமகளும், இராஜராஜனின் 16ஆம் ஆண்டில் இன்னும் கொடை கொடுத்துக்கொண்டிருந்த மூதாட்டியும் ஒரே செம்பியன் மாதேவிதான். அறுபது வருஷம்! கணவர் 957 வாக்கில் போய்விட்டார். அதன் பிறகு அரிஞ்சயன், சுந்தர சோழன், உத்தமன், இராஜராஜன் என்று அரியணையில் ஆள் மாறிக்கொண்டே இருக்க, இந்த அம்மாள் செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கல்லாக்கிக்கொண்டே போயிருக்கிறார்: ஆடுதுறை, விருத்தாசலம், திருவாரூர் அரநெறி என்று நீள்கிறது. அதே குடும்பத்தில் இராஜராஜனின் தாய் கணவரோடு தீயில் இறங்கியதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு 'முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்' என்று பாடுகிறது, பால்குடிக் குழந்தையை விட்டுப் போனாள் என்று. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். கைம்பெண்ணாக நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்து, வாழ்ந்த காலமெல்லாம் கட்டிக்கொண்டே இருந்தவள் எவ்வளவு பெரியவள் என்பது அப்போது உறைக்கும்.

கொடையைப் படிக்கும்போது அவசரப்படாதீர்கள், அரசியின் மூளை அங்கேதான் இருக்கிறது. அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்குச் சாதாரணமாக 96 ஆடு. 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதியிருக்கும்: ஆடு செத்தாலும் மூத்தாலும் எண்ணிக்கை குறையக்கூடாது, குட்டியை வைத்து ஈடுகட்ட வேண்டியது அதை வாங்கிக்கொண்ட இடையர் பொறுப்பு, தினம் உழக்கு நெய் அளக்க வேண்டும். தஞ்சையில் குந்தவை தன் தாய் தந்தையர் திருமேனிகளை எழுந்தருளுவித்திருக்கிறார். அங்கே திருமேனிகளின் உயரம் முழம், விரல் கணக்கில் இருக்கும், பொன் 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுத்துக் கழஞ்சு, மஞ்சாடி என்ற எடைகளில் குறிக்கப்பட்டிருக்கும். அவர் பணத்தை ஊர்ச்சபைகளிடம் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை (வட்டி) வரவேண்டும் என்று விதித்தார். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, நம் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்த வட்டியில் இன்ன செலவு, இவ்வளவு என்று அடுத்த வரிகள் போகும். ஒரு நோட்டில் இதையெல்லாம் எண்ணாக எழுதிக்கொண்டே வாருங்கள், அலங்காரமாக நிற்கும் அரசி மறைந்து, கணக்கு கேட்கும் அரசி தெரிவார்.

பெரிய கோயிலுக்குப் போகும்போது விமானத்தின் வடபுற அதிட்டானத்தில் இராஜராஜனின் 26ஆம் ஆண்டு 20ஆம் நாள் ஆணையைத் தேடுங்கள். 'நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்று அவன் சொன்னது. தனக்கு அடுத்து அக்கன்! அந்த வரிசையில் குந்தவையின் இடம் எது என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெயர் பொறிக்காத சிலையில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற சோழச் செப்புத் திருமேனி செம்பியன் மாதேவிதான் என்று பலர் கருதுகிறார்கள், அழகான கருத்து, ஆனால் அதில் பெயர் இல்லை. கோனேரிராஜபுரத்தின் 'இவர்' கொடுக்கும் உறுதியை அது கொடுக்காது, இரண்டையும் ஒரே குரலில் எழுதாதீர்கள்.

சோழ நாட்டை விட்டு வெளியே போனால் தேடும் சொல்லை மாற்ற வேண்டும். தெலுங்கு நாட்டை ஆண்ட காகதிய அரசி ருத்ரமாதேவி தன் கல்வெட்டுகளில் ருத்ரதேவ மகாராஜா என்று ஆண்பெயரில் வருவார், 'தேவியார்' என்று தேடினால் கோட்டை விடுவீர்கள். அவர் இறந்த செய்தியைச் சொல்வது தெலங்கானாவில் நல்கொண்டா பக்கம் சந்துபட்லா கல்வெட்டு, 1289. ராணி மங்கம்மாளுக்கும் வேலு நாச்சியாருக்கும் வந்தால் கோயில் சுவர் மட்டும் பற்றாது, செப்பேடு, பாதிரிமார் கடிதம், கம்பெனி ஆவணம் என்று வேறு உலகம், அது தனிக் கதை.

முதல் கோயில் முடிந்ததும் அடுத்ததாகத் திருக்கோடிக்காவலுக்குப் போங்கள். செம்பியன் மாதேவி அந்தக் கோயிலைக் கல்லில் எடுத்தபோது, பழைய கட்டடத்தில் சிதறிக் கிடந்த கற்களில் இருந்த முந்தைய அரசர்களின் கல்வெட்டுகளை, பல்லவர் காலத்தது உட்பட, புதுச்சுவரில் மறுபடி வெட்ட வைத்தார். அப்படிப் படியெடுத்தவற்றில் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்ற குறிப்பு இருக்கும். அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயராலேயே இருக்கும் செம்பியன் மாதேவி என்ற ஊர், கைலாசநாதர் கோயில். அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளைக் கொண்டாட உத்தம சோழனின் அரசிகள், அதாவது அவருடைய மருமகள்கள், அங்கே நிவந்தம் (கோயிலுக்கான நிலையான கொடை) வைத்திருக்கிறார்கள். 1019இல் இராஜேந்திரன் காலத்தில் அவருக்குத் திருமேனி எழுந்தருளுவித்ததும் அந்தக் கோயிலில்தான். மருமகள்களின் பெயர்களை அங்கே தேடிப் படியுங்கள், ஒவ்வொருவருக்கும் முன்னால் 'இன்னார் மகளார்' என்று பிறந்த வீடும் எழுதியிருக்கும், அடுத்து யாரைத் தேடுவது என்பதை அந்த வரிகளே உங்களுக்குச் சொல்லும்.